ஆட்டத்துக்கு ஒரு நியாயம், கம்பெனிக்கு ஒரு நியாயமா?

2007 உலகக்கோப்பையில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றதும், ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. பல ஊர்களில் வீரர்களின் கொடும்பாவி எரிந்தது. இது அநியாயம், இன்றைக்கும் கோபம் வருகிறது. ஆனால் அதே ரசிகர்கள்தான் யாரை எந்த இடத்தில் இறக்கியது தப்பு, எந்த ஓவரில் ஆட்டம் கைநழுவியது என்று புட்டுப் புட்டு வைத்தார்கள். ஆட்டம் எல்லார் கண்முன்னாலும் நடக்கிறது, மறைக்க முடியாது.

சத்யம் கதை வேறு. 2008இல் நல்ல நிர்வாகத்துக்கு விருது வாங்கிய ஐடி நிறுவனம் அது. அந்த டிசம்பரில், தன் குடும்பத்தின் மைடாஸ் நிறுவனங்களை சத்யம் பணத்தில் வாங்கப் பார்த்தார் அதன் நிறுவனர், தலைவர் ராமலிங்க ராஜு. முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்திலேயே பின்வாங்கினார். 2009 ஜனவரி 7 அன்று அவரே கடிதம் எழுதினார்: வங்கி இருப்பாகக் காட்டிய தொகையில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் கிடையவே கிடையாது. அன்றே பங்கு விலை முக்கால்வாசிக்கு மேல் சரிந்தது. தணிக்கையாளர்கள் வருடக்கணக்கில் கையெழுத்துப் போட்ட கணக்கு அது. தண்டனைத் தீர்ப்பு 2015இல்தான் வந்தது.

தோற்ற அணி யார் பணத்தையும் எடுக்கவில்லை. இங்கே சேமிப்பைப் பங்கில் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். என்னைக் கேட்டால், ஸ்கோர்கார்டை அலசும் அந்தக் கூர்மையில் பாதியாவது ஆண்டறிக்கை பக்கம் திரும்ப வேண்டும், கல்லெறிதல் இல்லாமல்.