இலவச சட்ட உதவி: கோர்ட்டுக்குப் போகும் நெல்லைப் பெண்களுக்கு

பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும் இலவச வக்கீல் உதவி, வீட்டில் அடிபட்டு வரும் பெண்ணுக்கு நிஜமான பலம். பெண் என்றாலே போதும், வருமான வரம்பு கிடையாது. அம்பை, வள்ளியூர் பக்கத்தவர் அங்குள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிலேயே மனு கொடுக்கலாம்; விவரம் கேட்க 15100.

ஒரே குறை, வக்கீல் கையில் கேஸ்கள் அதிகம். உங்கள் விவரம் முழுவதையும் அவர் நினைவில் வைத்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். தேதி, இடம், நடந்தது, பார்த்தவர் என்று வரிசையாக எழுதிக் கொடுங்கள். "எப்பவும் அடிப்பாரு" என்பது குறுக்கு விசாரணையில் நிற்காது. "பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் ராத்திரி, அடுப்படியில, கரண்டியால இடது முழங்கையில" என்பது நிற்கும், அதே தேதியில் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தால் இன்னும் உறுதி.

2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நிவாரணம் கேட்கும் 12-ஆம் பிரிவு மனுவோடு, 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கட்டாயம் கேளுங்கள். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தா இழுக்கும்; அதுவரை சாப்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் அந்த உத்தரவுதான். மிரட்டல் மெசேஜுக்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்று பழைய போனை விற்றுவிடாதீர்கள், மெசேஜ் அதிலேயே இருக்கட்டும். எல்லார் முன்னாலும் பேசப் பயமென்றால், 16-ஆம் பிரிவுப்படி தனி அறையில் விசாரிக்கச் சொல்லி வக்கீல் மூலம் முன்கூட்டியே கேளுங்கள்.