கழற்றாத ஒரு தோடும் இல்லாத ஒரு கட்டியும்: ஓபிஜி எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடைவாய்ப் பல்லை எடுப்பதற்கு முன் இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே தேவை என்று சொன்னதால், ஒரு பல் மருத்துவமனையில் அதை எடுத்துக்கொண்டேன். வலது காதுத் தோட்டைக் கழற்றிவிட்டேன். இடது காதில் திருகாணி இறுகிப்போயிருந்தது. படம் எடுப்பவரிடம் அதைச் சொன்னபோது, "பரவாயில்லை, காதுதானே, பல்லை மறைக்காது" என்று கூறி இயந்திரத்தை இயக்கிவிட்டார்.

படத்தைப் பார்த்த மருத்துவர், வலது மேல்தாடைக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறைக்குள் வெள்ளையாக ஏதோ தெரிவதாகவும், அது எலும்புக் கட்டியாக இருக்கக்கூடும் என்பதால் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துவிட்டு அறுவை சிகிச்சைக்குத் தயாராக வேண்டும் என்றும் கூறினார். அதே படத்தில் என் இடது காதருகே தோடு பளிச்சென்று தெரிந்தும், அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அடுத்த மூன்று வாரங்கள் புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சத்திலேயே என் குடும்பம் கழித்தது.

இன்னொரு மருத்துவரிடம் படத்தைக் காட்டியபோது, அவர் முதலில் கேட்டதே தோட்டைப் பற்றித்தான். ஓபிஜி இயந்திரத்தில் எக்ஸ்ரே குழாய் ஒருபுறமும் படத்தைப் பதியும் கருவி எதிர்ப்புறமுமாக நின்று, தலையைச் சுற்றி ஏறத்தாழ 15 முதல் 20 நொடிகள் சுழல்கின்றன. பல்வரிசையை ஒட்டிய லாட வடிவப் பகுதிக்குள் இருப்பவை மட்டுமே தெளிவாகப் பதியும். வலப்பக்கப் பற்கள் பதிவாகும் வேளையில் குழாய் என் தலையின் இடது பின்புறத்தில் இருந்திருக்கிறது; அப்போது கதிரின் வழியில் குறுக்கிட்ட தோட்டின் நிழல் வலப்பக்கத்தில் விழுந்துவிட்டது. கதிர் சற்றே கீழிருந்து மேல்நோக்கிச் செல்வதால் அந்த நிழல் உண்மையான தோட்டைவிட உயரத்தில் இருந்தது. பதியும் கருவியிலிருந்து தோடு விலகியிருந்ததால் பெருத்து, மங்கிக் கிடந்தது. கோஸ்ட் இமேஜ், அதாவது பேய் நிழல் என்று இதைச் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கம், கூடுதல் உயரம், பெரிய அளவு, மங்கல் ஆகிய நான்கும் என் படத்தில் அப்படியே இருந்தன. பல் மருத்துவப் படிப்பிலேயே கற்றுத்தரப்படும் ஒன்றைக் கவனிக்காமல் முதல் மருத்துவர் அறுவை சிகிச்சை வரை பேசியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உலோகம் மட்டுமல்ல, எதிர்ப்பக்கத் தாடை எலும்பும் கழுத்தெலும்பும்கூட இவ்வாறு நிழலாக விழலாம் என்றும், கழுத்தை வளைத்துக் குனிந்து நின்றால் முன்பற்களின் மேல் வெண்மை படரும் என்றும் இரண்டாவது மருத்துவர் விளக்கினார். எலும்பின் நிழலை முழுவதும் தவிர்க்க முடியாது. தோடு, மூக்குத்தி, சங்கிலி, கொண்டை ஊசி, மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, கழற்றி மாட்டும் பல்செட் ஆகியவற்றின் நிழலைத் தவிர்க்க முடியும். ஏதேனும் ஒன்று கழலவில்லை என்றால், அதைக் கழற்றிய பிறகே படம் எடுக்கும்படி உறுதியாகச் சொல்லுங்கள். அப்படியே எடுத்துவிட்டால், எந்தக் காதில் எது இருந்தது என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

திருகாணியை வெட்டியெடுத்த பின் எடுத்த இரண்டாவது படத்தில் சைனஸ் அறை தெளிவாக இருந்தது. முதல் அறிக்கையைத் திருத்தித் தருமாறு அந்த மருத்துவமனைக்கு இருமுறை எழுதிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.