பிரிக்பீல்ட்ஸ் சனிக்கிழமை வகுப்பு: ஆறு வாரம், 180 ரிங்கிட்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய தெரு ஒன்றின் இரண்டாம் மாடியில், பல்கலைக்கழக மாணவர்களுக்கென ஆறு சனிக்கிழமைகள் தமிழில் நடைபெறும் தொழில்முனைவு வகுப்பில் 180 ரிங்கிட் கட்டிச் சேர்ந்தேன். நானும் மாணவிதான், நாற்பத்து மூன்று வயது மாணவி. 21 வயது நிரம்பி, தொடர்புடைய பணி அனுபவமும் உள்ளவர்களை மதிப்பிட்டு இளங்கலைப் படிப்பில் சேர்க்கும் ஏபெல் முறையில் வந்தவள். என்னை 'அக்கா' என்பதா, 'ஆன்டி' என்பதா என்ற பிள்ளைகளின் தயக்கம் முதல் நாளே அக்கா பக்கம் தீர்ந்தது.

முதல் வாரம் வீண். கண்ணை மூடிக்கொண்டு விலையுயர்ந்த காரைக் கற்பனை செய்யச் சொல்லி, இடையிடையே கைதட்டவும் சொன்ன சிறப்புப் பேச்சாளரிடமிருந்து இரண்டு மணி நேரத்தில் நான் எழுதிக்கொள்ள ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

இரண்டாம் வாரம் வந்த ஆசிரியையால்தான் இந்த வகுப்புக்கு மதிப்பு. அனுபவமிக்க தொழில்முனைவோர் எவ்வாறு முடிவெடுக்கிறார்கள் என்பது பற்றி சரஸ் சரஸ்வதி 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து அவர் தொடங்கினார். எவ்வளவு ஈட்டலாம் என்று கணிப்பதற்கு முன், எவ்வளவு இழந்தால் தாங்குவோம் என்று பார்த்து, கையில் இருப்பதைக் கொண்டே தொடங்குவது என்னும் அக்கருத்தை, 1960இல், மலாயாவில் அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தோடு அவர் பொருத்திக் காட்டினார். பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், அவற்றைக் கூட்டாக வாங்குவதற்காகத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) செலுத்தி 100 வெள்ளிப் பங்கு வாங்கியதை, தாங்கக்கூடிய இழப்புக்கு எடுத்துக்காட்டாக நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம் வணிகப் பதிவு. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயருக்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயருக்கு 60. தெளிவாகச் சொன்னார்கள், விரைவாக முடித்தார்கள்.

நான்காம் வாரம் கணக்கு. மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர் ஒருவர், 40 பொட்டலம் முறுக்கைத் தலா 5 ரிங்கிட்டுக்கு விற்று, மூலப்பொருளுக்கான 92 ரிங்கிட் போக 108 ரிங்கிட் லாபம் என்று பெருமையோடு எழுதிக் காட்டினார். ஆசிரியை மறுக்கவில்லை, யார் சுட்டது, எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டார். அம்மாவும் அவரும் ஆளுக்கு ஆறு மணி நேரம். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தின்படி ஒரு மணி நேரத்துக்கு 8.72 ரிங்கிட்; பன்னிரண்டு மணி நேரத்துக்கு 104.64. மீதி 3.36 ரிங்கிட், அதிலும் எரிவாயுவும் பொட்டலத் தாளும் இன்னும் கழிக்கப்படவில்லை. அந்தத் தம்பி சோர்ந்துவிடுவார் என்று நான் அஞ்சினேன். அவரோ வகுப்பு முடிந்த பிறகும் வெண்பலகையை விட்டு நகராமல், பொட்டலத்தின் விலையை 7 ரிங்கிட்டாக்கினால் என்ன, அச்சை மாற்றி நேரத்தைக் குறைத்தால் என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் வாரக் கைதட்டல் தராத ஊக்கத்தை அந்தக் கழித்தல் தந்துவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் அலுவலகத்தில் கணக்கு எழுதிய எனக்கும், வீட்டாரின் உழைப்பைச் செலவாக எழுதியதில்லையே என்று உறைத்தது.

குறைகளும் உண்டு. விளம்பரத்தில் தமிழ் என்றிருந்தாலும், கையில் கொடுத்த குறிப்புகள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. கடைசி இரண்டு வாரங்களும் விளம்பரப் படம் எடுப்பதிலேயே கழிந்தன. வகுப்பு முடிந்ததும் தொடர்ந்து வழிகாட்டுவோம் என்று தொடங்கிய புலன (வாட்ஸ்அப்) குழுவில், இப்போது அடுத்த வகுப்புக்கான அறிவிப்பு மட்டுமே வருகிறது. வாழ்நாள் கற்றல் என்று பதாகையில் எழுதிய நிலையம், ஏழாவது வாரமே நம்மை மறந்துவிடுவது ஏற்கத்தக்கதன்று.

ஆனாலும் அந்த ஆசிரியை இருக்கும்வரை 180 ரிங்கிட் அதிகமில்லை. சேர விரும்புவோர் அவர்தான் கணக்கு வகுப்பை எடுக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான்காம் வாரத்துக்குள் எதையாவது விற்றுப் பார்த்துவிட்டும் செல்லுங்கள். விற்காமல் வந்த எழுவர் அன்று முறுக்குத் தம்பியின் கணக்கைத்தான் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.