எப்சன் எல்805: டிஸ்க் மேலேயே அச்சு

வயலின் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்கள் வாசிப்பையே பதிவு செய்து சிடியாகக் கொடுப்பேன். அதன் மேல் பிள்ளையின் பெயரும் படமும் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அதற்காக வாங்கியதுதான் டிஸ்க் மேலேயே அச்சிடும் எப்சன் எல்805 இங்க்ஜெட் பிரிண்டர். வாங்கியதில் எனக்கு முழுத் திருப்தி.

டிஸ்க் முழுக்கப் படம் போட்டால் மை நன்றாகவே இழுக்கும். சின்ன கார்ட்ரிட்ஜ் போட்ட பிரிண்டரில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. இதில் ஆறு நிறங்கள், ஒவ்வொன்றும் 70 மில்லி பாட்டில். எந்த நிறம் தீர்ந்ததோ அதை மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். முகத்தின் நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் இழைந்து வருகிறது, வயலின் மரத்தின் பழுப்பும் அப்படியே.

ஸ்டிக்கர் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். துளி நகர்ந்து ஒட்டினாலும், வேகமாகச் சுழலும்போது டிஸ்க் ஆடும். வெயிலில் நிற்கும் காரின் பிளேயருக்குள் ஓரம் உரிந்துகொண்டால் அப்புறம் டிஸ்கை வெளியே எடுப்பதே பாடு. டிஸ்க் மேல் லேசரால் படம் பொறித்த லைட்ஸ்க்ரைப் முறை அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஒற்றை நிறம். அதற்கென்றே தனி டிரைவும் தனி டிஸ்கும் வேண்டியிருந்தது.

பிரிண்டரைவிட டிஸ்க் வாங்குவதில்தான் கவனம் தேவை. மேல்பக்கம் வெள்ளைப் பூச்சுள்ள ‘இங்க்ஜெட் பிரிண்டபிள்’ டிஸ்கில்தான் மை பிடிக்கும். அதிலும் இரண்டு வகை. சிலவற்றில் நடுத்துளையை ஒட்டி வரைக்கும் பூச்சு இருக்கும்; சிலவற்றில் நடுவே அகலமான வட்டம் வெறுமையாகவே இருக்கும். மென்பொருளில் உள்விட்டத்தை அதற்கேற்ப மாற்றாவிட்டால் பெயரின் பாதி பிளாஸ்டிக் மேல் விழுந்து வழியும். மலிவாகக் கிடைத்ததென்று ஒருமுறை வாங்கிய டிஸ்க் கட்டு ஒன்றில் பூச்சு சீராகவே இல்லை, ‘ழ’வின் சுழி மை பரவி அடைத்துக்கொண்டது. நல்ல பூச்சில் ஆறு பாயின்ட் அளவுப் பொடி எழுத்துகூடத் தெளிவாக விழுகிறது. டிஸ்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதலில் பாட்டைப் பதிவு செய்யுங்கள், சரியாக ஓடுகிறதா என்று கேளுங்கள், பிறகு அச்சிடுங்கள். அச்சிட்ட டிஸ்கைக் கையாளும்போது அடிப்பக்கத்தில் விரல் ரேகையோ தூசியோ பட்டு, பதிவு கெட வாய்ப்புண்டு. அச்சிட்டதை ஒரு நாள் விரித்து வைத்துக் காயவிடுங்கள். காய்ந்த பிறகும் ஈரக்கை பட்டால் சாதாரண பூச்சில் மை கலையும். சின்னப் பிள்ளைகள் கைக்குப் போகும் டிஸ்க் என்றால் தண்ணீர் தாங்கும் பளபளப்பு வகையே நல்லது.

எப்போதாவது ஒன்றிரண்டு டிஸ்க் போடுபவர்களுக்கு இது வேண்டாம். எந்த இங்க்ஜெட்டையும் வாரக்கணக்கில் சும்மா வைத்தால் மை தெளிக்கும் நுண்துளையான நாசில் அடைக்கும், சுத்தம் செய்வதிலேயே மை கரையும். அடிக்கடி போடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். உறைக்கான 12 சென்டிமீட்டர் அட்டையையும் நான் இதிலேயே போட்டோத் தாளில் எடுத்துவிடுகிறேன்.