கூரைக்கு சோலாரா, குளத்துக்கு மம்பட்டியா?

திருவிழாக் கணக்கு வாசித்த அன்று கையிருப்பு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. எங்கள் பங்குப்பேரவையில், அதாவது ஊர்ச் சர்ச்சின் குழுவில், இது அபூர்வம். வழக்கமாக மிச்சம் வந்தால் கெபிக்கு (சுரூபம் வைக்கும் குகை மாடத்துக்கு) கிரானைட் ஒட்டுவோம், இல்லையென்றால் முற்றத்தில் இன்டர்லாக் கல் பதிப்போம். இந்த முறை பங்குத்தந்தை, "பருவநிலைக்காக ஏதாவது செய்வோம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், கூட்டம் ஐந்து கட்சியாகப் பிரிந்தது. சோலார் ஒரு கட்சி, மரக்கன்று ஒரு கட்சி. ஊர்க்குளத்தைத் தூர்வார வேண்டும் என்று விவசாயிகள். திருவிழாவையே சுருக்க வேண்டும் என்று இளைஞர்கள். கடற்கரையிலிருந்து கல்யாணம் ஆகி இங்கே வந்திருக்கும் ஒரு அக்கா மட்டும், "புயல் வந்தா சொல்லுறதுக்கு ஆளு இருக்கா, அதைப் பாருங்க முதல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்தும் இந்த ஐந்தும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. எது உசத்தி என்று பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறிக்கைகளுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. 2015-ல் போப் பிரான்சிஸ் பூமியைப் பேணுவது பற்றி 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலை வெளியிட்டார். அதே ஆண்டு இஸ்தான்புல்லில் இஸ்லாமிய அறிஞர்கள் கூடிப் பருவநிலைப் பிரகடனம் செய்தார்கள். இந்து அமைப்புகளும் அதே ஆண்டு ஒன்று வெளியிட்டன. குமரி மாவட்டத்தில் இந்த மூன்றுக்கும் கேட்க ஆள் உண்டு. 2011 கணக்கெடுப்பில் மொத்தம் 18.7 லட்சம் பேரில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, இஸ்லாமியர் 4.2. அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழிக்காரர்களுக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. கோவில் மணியோ பாங்கோ அய்யாவழிக்காரர்களின் உகப்படிப்போ காதில் விழாத வீடு இங்கே அநேகமாக இல்லை. அந்தச் சத்தத்தை வைத்து முற்றத்தில் என்ன செய்வது என்பதில்தான் தகராறு.

கார்பன் கணக்கில் சோலாரை மற்ற நான்கும் சேர்ந்தாலும் நெருங்க முடியாது. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி கூரை போதும், நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். பத்து கிலோவாட் வைத்தால் ஆண்டுக்கு 14,000 யூனிட்டுக்குக் குறையாது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் வருவதால், யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தாலும் சுமார் பத்து டன் கரியமில வாயு மிச்சம். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோ இழுக்கும் என்பது பொதுவான கணக்கு. பத்து டன்னுக்கு ஐந்நூறு பெரிய மரம் வேண்டும். எங்கள் ஊரில் ஐந்நூறு மரத்துக்கு இடம் வேண்டுமென்றால் யாராவது ரப்பரை வெட்டினால்தான் உண்டு.

ஆனால் அந்த மின்சாரம் யாருக்கு? எங்கள் கோவிலில் (சர்ச்சை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம்) விளக்கும் ஃபேனும் ஓடுவது ஞாயிறு காலையும் மற்ற நாள் சாயங்காலமும். வெயில் கொளுத்தும் செவ்வாய்க்கிழமை மதியம் உள்ளே ஆள் கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் அதே நேரம் எல்லா ஃபேனும் சுற்றுகிறது. அப்படியானால் பேனல் ஏற வேண்டியது பள்ளிக்கூட மாடியில். இதைக் கூட்டத்தில் சொன்னபோது சிலருக்கு முகம் சுருங்கியது. கோவில் கூரையில் இருந்தால் பஸ்ஸில் போகிறவனும் பார்ப்பான், பள்ளிக்கூட மாடியில் இருந்தால் காக்காதான் பார்க்கும்.

நேரக் கணக்கு பார்த்தால் சோலார் ஒத்துப்போவது பள்ளிவாசலுக்குத்தான். ஐந்து வேளைத் தொழுகையில் லுஹரும் அஸரும் பகலில், ஜும்ஆவும் நண்பகலில். உளு செய்யத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் வெயில் நேரத்திலேயே ஓட்டிவிடலாம். இந்துக் கோயில்களில் வேறு சிக்கல். மாவட்டத்தில் 490 கோயில்கள் அறநிலையத் துறையின் கீழ் இருக்கின்றன. பக்தர்கள் விரும்பினாலும் துறை அனுமதிக்காமல் கம்பி மாற்ற முடியாது, பழைய கல்மண்டபத்தின் மேல் பேனல் ஏற்றுவது அழகும் இல்லை. குடும்பக் கோயில், ஊர்க் கோயில் கமிட்டிகளுக்கு அந்தத் தடை கிடையாது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சட்டத்தை அரித்துவிடும், அங்கே கொஞ்சம் கூடுதல் செலவு செய்து துருப்பிடிக்காத கம்பி போட வேண்டும்.

சோலாரில் எனக்கு ஒரே மனத்தாங்கல், அது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பணத்தைக் கட்டினால் கம்பெனிக்காரன் வந்து மாட்டிவிட்டுப் போவான். நானூறு குடும்பத்தில் ஒருவர்கூட ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. அதற்கு ஒரு சபை எதற்கு? பேங்க்கே செய்யலாமே.

மரக்கன்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், பட்ட அனுபவம் அப்படி. சில வருஷம் முன்பு சுற்றுச்சூழல் நாளில் நூறு கன்று நட்டோம். ஃப்ளெக்ஸ் அடித்து, போட்டோ எடுத்து, பாயசமும் உண்டு. அந்தக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை, மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது. ஃப்ளெக்ஸ் மட்டும் இப்போதும் ஒரு வீட்டு மாட்டுத்தொழுவத்துக்குக் கூரையாக நன்றாக இருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சங்கதியும் உண்டு. புறம்போக்கில் ஒரு மதத்தார் மரம் நட்டால் அடுத்த மதத்தார் அதை வேலி போடுவதன் முதல்படியாகத்தான் பார்ப்பார்கள். இன்றைக்குக் கன்று, நாளைக்குச் சிலுவை நட்ட குருசடி அல்லது சாமி பீடம் என்று. 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் 'வெறும் வேப்பங்கன்றுதானே' என்று சொல்ல முடியாது.

நடுவதைவிட வெட்டாமல் இருப்பது பெரிய காரியம். விளவங்கோடு பக்கம் பழைய வீடுகளை ஒட்டி இன்றும் நிற்கும் நாகர் காவுகளைப் பாருங்கள். பாம்புக்குப் பயந்து அரிவாள் வைக்காமல் விட்டதால் நின்ற காடு அது. அய்யாவழியில் வழிபாட்டு இடத்துக்குப் பெயரே நிழல் தாங்கல். எங்கள் கோவில் முற்றத்தில் ஒரு அயினி மரம் நின்றது. கார் நிறுத்த இடம் இல்லை என்று வெட்டி, இன்டர்லாக் போட்டோம். இப்போது பத்து மணித் திருப்பலி முடிந்து வெளியே வந்தால் செருப்பில்லாத காலை அந்தக் கல்லில் வைக்க முடியாது. மழை பெய்தால் தண்ணீர் நேராக ரோட்டுக்குப் போகிறது. கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, மாவட்டம் முழுக்க இதே சாம்பலும் சிவப்புமான கல்தான். அடுத்த கையிருப்பில் இதைப் பதிக்காமல் இருப்பதும் ஒரு பருவநிலை நடவடிக்கைதான், செலவும் இல்லை.

குளத்துக்கு வருகிறேன். என் மனசு எங்கே சாய்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை.

2021 நவம்பரில் நாகர்கோவிலைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்ததும், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்து ரயில் நின்றதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முன்பும் இங்கே மழை உண்டு, இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. முன்பு ஒரு வாரம் நின்று பெய்ததை இப்போது ஒரே ராத்திரியில் கொட்டுகிறது. கடல் சூடாகச் சூடாகக் காற்று கூடுதல் ஈரத்தைச் சுமந்து வருகிறது. அதைப் பிடித்து வைக்கத்தான் நம் முன்னோர் குளம் குளமாக வெட்டி, மறுகால் என்ற உபரிநீர் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போகும்படி கோத்து வைத்தார்கள். நாம் சிலவற்றை நிரவினோம், நான்குவழிச் சாலை பல குளங்களின் நெஞ்சில் ஏறிப் போகிறது. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன, சந்தோஷம். பட்டியலில் வராத ஊர்க்குளத்தை யார் பார்ப்பது?

எங்கள் குளத்தில் போன மாசி மாதம் பத்துப் பேர் இறங்கிப் பார்த்தோம். கரையிலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகாயத்தாமரை. ஒரு செடியைப் பிடித்து இழுத்தால் தனியாக வராது, கறுத்த வேர் முடிக்கற்றையாக அடுத்த செடியையும் இழுத்துக்கொண்டு வரும். வேருக்குள் ஷாம்பு பாக்கெட், ஒரு பல்செட், காய்ந்த மாலை கட்டிய நார், உடைந்த மாதா சுரூபத்தின் கை, சுவாமி படத்தின் சட்டம். எல்லா மதத்துக் குப்பையும் ஒரே சேற்றில் கிடந்தது. முழங்கால் வரை புதைந்து நின்ற அம்மன் கோயில் கமிட்டித் தலைவர் அந்தக் கையை எடுத்துத் துடைத்து என்னிடம் தந்து, "இது உங்களுக்கதுல்லா, கொண்டு போங்க" என்றார்.

இந்த ஐந்தில் மூன்று கூட்டத்தாரும் ஒன்றாக இறங்கக் கூடியது குளம் ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. அம்மனை நீராட்டும் ஆறாட்டு அதில்தான், எங்கள் ஆட்கள் வயலுக்குத் தண்ணீர் அதில்தான், பள்ளிவாசல் ஜமாஅத் கிணறு ஊறுவதும் அதிலிருந்துதான். சாமித்தோப்பில் முத்திரிக்கிணற்றைச் சுற்றி அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியையும் ஒன்றாகக் குளிக்க வைத்த மண் இது. ஒரே தண்ணீரில் இறங்கச் சொல்வது இங்கே புது யோசனை இல்லை.

குளத்துக்கும் குறை உண்டு. கார்பன் மிச்சம் என்று அறிக்கையில் எழுத ஒரு எண்கூட அகப்படாது. குளம் நீர்வளத் துறையுடையதாகவோ ஊராட்சியுடையதாகவோ இருக்கும், மம்பட்டி வைக்க அனுமதி வேண்டும், அனுமதிக்கு நடையாய் நடக்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் கூடவே வரும். வண்டல் எடுக்கிறோம் என்று ஆரம்பித்து, ஜேசிபி இறங்கி, ராத்திரியில் அடிமண் லாரி ஏறிவிடும். கரையில் ஆள் நிற்காத தூர்வாரலைவிடத் தூர்ந்த குளமே மேல். அந்தக் காவலுக்குத்தான் கமிட்டிகள் வேண்டும். எந்த ஊரில் எத்தனை லோடு போனது என்று அன்பியம் என்கிற எங்கள் தெருக் குழுக் கூட்டத்தில் வாசித்தால் திருடுகிறவன் கொஞ்சம் யோசிப்பான்.

திருவிழாவைச் சுருக்குவது பற்றி இளைஞர்கள் சொன்னதில் ஆவேசம் அதிகம், கணக்கு குறைவு. ஜெனரேட்டர் மணிக்கு ஐந்து லிட்டர் குடித்து, ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் வீதம் பத்து நாள் ஓடினால் 250 லிட்டர் டீசல். லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் முக்கால் டன்கூட வராது. சோலாரின் பத்து டன்னுக்குப் பக்கத்தில் இது சுண்டைக்காய். பெரிய விஷயம் சோறு. எங்கள் விருந்தோ, சிஎஸ்ஐ சபையின் அசனமோ, அம்மன் கோயில் கொடைக்கு அன்னதானமோ, கந்தூரிச் சாப்பாடோ, மிஞ்சிய சோறு குப்பையோடு கலந்து குவிந்தால் மீத்தேன் ஆகும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. நாகர்கோவில் வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அவர்கள் மூக்கே சொல்லும். வாழையிலை நம் ஊரில் கிடைக்காத பொருளா? ஆனாலும் பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய காகிதத் தட்டு வந்து உட்கார்ந்துவிட்டது, 2019 முதல் மாநிலத் தடை இருந்தும்.

விளக்கு அலங்காரத்தில் ஒரு ஊர் மட்டும் குறைத்தால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும். பக்கத்து ஊர் எத்தனை ஆர்ச் வைத்தது என்று எண்ணித்தான் நாங்களும் வைக்கிறோம். வட்டாரத்தில் எல்லாரும் ஒரே வருஷம் குறைக்க ஒத்துக்கொண்டால் ஒழிய இது நடக்காது.

கடைசியாக அந்த அக்கா சொன்னது. கூட்டத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, நானும்தான். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபோது எங்கள் ஊரில் ரப்பரும் வாழையும் விழுந்தன, கரண்டு பல நாள் இல்லை, அதைத்தான் பேரழிவு என்று நினைத்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. யார் யார் வரவில்லை என்று வீடு வீடாகப் பெயர் எழுதி எடுத்தது அந்த ஊர்ப் பங்குக் கோவில்கள். குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து தேடச் சொல்லிக் கேட்டதும் அந்த மக்கள்தான். கார்பன் கணக்கு எதிலும் இது வராது. ஆனால் அரபிக் கடலில் புயல்கள் கூடிவரும்போது, காற்றே இல்லாமல் திடீரென ஏறிவரும் கள்ளக்கடலுக்கு அரசு எச்சரிக்கை விடும்போது, அதைக் கரையில் காதுக்குக் கொண்டுபோவது கோவில் மைக்தான். செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒரு எல்லை உண்டு: ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போய்விட்ட வள்ளத்துக்கு மைக் எட்டாது, கரையில் நிற்பவருக்கு மட்டும்தான்.

முதலீட்டை விலக்குவது என்று ஒரு வழி வெளிநாடுகளில் பெரிதாகப் பேசப்படுகிறது. இங்கிலாந்துத் திருச்சபை 2023-ல் பெரிய எண்ணெய் நிறுவனங்களை விட்டு வெளியேறியது. எங்கள் பங்கின் முதலீடு கூட்டுறவு வங்கியில் ஒரு டெபாசிட். அதை விட்டுவிடுவோம்.

என் தீர்ப்பு ஊருக்கு ஊர் மாறும். கடற்கரை ஊருக்கு மைக் முதலில், வேறு பேச்சே இல்லை. பகலில் ஆள் புழங்கும் பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சோலார். எங்களைப் போல வயலுக்கும் மலைக்கும் இடையில் கிடக்கும் ஊருக்குக் குளம். மிஞ்சிய கையிருப்பில் பாதியைப் பள்ளிக்கூட மாடிக்கும் பாதியைக் குளத்துக்கும் என்று அடுத்த கூட்டத்தில் முடிவானது. மரக்கன்றுக்காரர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அனுமதி கேட்டு மனு எழுதியாயிற்று. பங்குப்பேரவை, அம்மன் கோயில் கமிட்டி, ஜமாஅத், மூன்று சீலும் வைக்க இடம் விட்டிருக்கிறோம். எந்த சீல் இடது ஓரத்தில் வருவது என்று இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மனு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.