டெபியனில் போஸ்ட்கிரெஸ்: கரண்ட் போனாலும் கணக்கு போகாது

எங்கள் பள்ளி அலுவலகத்தில் மாணவர் பட்டியல், கட்டண ரசீது, நூலகப் பதிவு எல்லாமே ஒரு பழைய டெஸ்க்டாப்பில்தான் ஓடுகின்றன. 8 ஜிபி ரேம், டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்), போஸ்ட்கிரெஸ் 15 (டேட்டாபேஸ் மென்பொருள்). அதைப் பார்த்துக்கொள்வது நான். சிறு அலுவலகம் நடத்துகிறவர்கள் எந்த டேட்டாபேஸ் போடலாம் என்று கேட்டால், தயங்காமல் இதைச் சொல்வேன்.

நிறுவுவதற்கு டெபியனின் மென்பொருள் நிறுவியான ஏபிடியில் ஒரு கட்டளை போதும். அது முடியும்போதே 'மெயின்' என்ற கிளஸ்டர் (தரவுகளை வைக்கும் தொகுப்பு) உருவாகி, சர்வீஸ் ஓடத் தொடங்கி, 5432 போர்ட்டில் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும். வெளிக் கணினிகளுக்குக் கதவு மூடியே இருக்கும், நாமாகத் திறந்தால்தான் உண்டு. புதியவர்கள் முட்டிக்கொள்வது 'பியர்' அனுமதி முறையில். பாஸ்வேர்டு கேட்காமல் லினக்ஸ் பயனர் பெயரை மட்டும் பார்க்கும். 'போஸ்ட்கிரெஸ்' பயனராக மாறி உள்ளே போனால் சரியாகிவிடும். அதை 'டிரஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள் என யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்புறம் அந்தக் கணினியில் இருக்கும் யாரும் எந்தப் பெயரிலும் நுழையலாம்.

எனக்கு இதன்மேல் நம்பிக்கை வந்தது ஒரு மின்வெட்டில். கட்டணம் வாங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் தாங்கவில்லை. திரும்பப் போட்டதும் லாக் ஃபைலைத் திறந்தேன். சர்வர் முறையாக நிறுத்தப்படவில்லை, தானாக மீட்பு நடக்கிறது என்று ஒரு வரி. கொஞ்சம் கீழே, இணைப்புகளை ஏற்கத் தயார் என்று இன்னொரு வரி. கொடுத்து முடித்த ரசீதுகள் எல்லாம் இருந்தன. பாதியில் நின்ற ரசீதின் சுவடே இல்லை. எந்த மாற்றத்தையும் முதலில் 'வால்' (WAL) எனும் பதிவேட்டில் எழுதி, டிஸ்க்கில் இறங்கிய பிறகே 'முடிந்தது' என்று சொல்வதால்தான் இது நடக்கிறது. வேகம் கிடைக்கும் என்று, டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்யும் எஃப்சிங்க் அமைப்பை அணைத்தால் இந்தக் காப்பு போய்விடும்.

இன்னொரு சந்தோஷம், அகரவரிசை. யூனிகோட் எண் வரிசையில் அடுக்கினால் கனகா, கமலா, கவிதா என்று வரும். வருகைப் பதிவேட்டில் அப்படி இருந்தால் எந்த ஆசிரியர் ஒப்புக்கொள்வார்? தமிழுக்கான ஐசியூ கொலேஷனை (மொழிக்கேற்ற அடுக்கு விதியை) சொல்லி அடுக்கினால் கமலா, கவிதா, கனகா என்று ஒழுங்காக வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. டேட்டாபேஸ் தனக்கென ஒதுக்கும் ரேமான ஷேர்டு பஃபர்ஸ் 128 எம்பியில்தான் தொடங்குகிறது, நான் 2 ஜிபி ஆக்கினேன். பெரிய குறை, பதிப்பு மாற்றம். டெபியன் 13க்குப் போனால் போஸ்ட்கிரெஸ் 17 வரும், ஆனால் உங்கள் தரவு 15லேயே நிற்கும். 17 காலியாக 5433 போர்ட்டில் ஓடும். அந்தக் காலி கிளஸ்டரை நீக்கிவிட்டு, பிஜி-அப்கிரேட்கிளஸ்டர் கட்டளையால் பழையதை நகர்த்த வேண்டும். அதைத் தொடும் முன் முழு டம்ப் (தரவின் நகல்) எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள்.

ஒரே ஆள், ஒரே கணினி என்றால் எஸ்கியூலைட் என்ற எளிய டேட்டாபேஸே போதும். இரண்டு மேசையிலிருந்து ஒரே நேரத்தில் ரசீது போடுகிறீர்கள் என்றால் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வாருங்கள்.