பூனை கடைசியில் பேசியதா? டப்பிங்கும் சப்டைட்டிலும்

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியசாகியின் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை பல வருடங்களுக்கு முன்னால், நண்பன் கொடுத்த டிவிடியில், ஆங்கில டப்பிங்கில். இரண்டாவது தடவை போன மாதம், ஜப்பானிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு. 13 வயதுச் சூனியக்காரச் சிறுமி ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பி, முன்பின் தெரியாத ஊரில் துடைப்பத்தில் பறந்து பறந்து பார்சல் கொடுத்துப் பிழைக்கிற கதை. கூடவே ஜிஜி என்று ஒரு கறுப்புப் பூனை. அது பேசுவது அவளுக்கு மட்டும் புரியும். நடுவில் ஒரு கட்டத்தில் அவளுக்குப் பறக்கவும் வராமல் போகிறது, பூனை பேசுவதும் புரியாமல் போகிறது. கடைசியில் பறப்பது திரும்ப வந்துவிடுகிறது. பூனையின் பேச்சு?

வந்துவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் தோளில் ஏறிக்கொண்டு அது பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். போன மாதம் அதே காட்சி வந்தது. பூனை தோளில் ஏறியது, மியாவ் என்றது, அவ்வளவுதான். ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். மறுபடியும் மியாவ்.

தேடிப் பார்த்ததில் என் காது பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. 1989-இல் வந்த மூலப் படத்தில் பூனை கடைசியில் பேசாது. 1998-இல் டிஸ்னி வெளியிட்ட ஆங்கில டப்பிங்கில் அந்தப் பூனைக்கு நிறைய வசனம் சேர்த்திருக்கிறார்கள், கடைசி வசனமும் அதில் ஒன்று. பின்னால் வந்த மறுவெளியீட்டில் அந்த இடைச்செருகல்களில் பலவற்றை எடுத்தும்விட்டார்கள். ஆனால் நான் பார்த்தது பழைய பிரதி. தொலைத்ததெல்லாம் திரும்பக் கிடைத்த ஒரு பெண்ணின் கதையை நான் பார்த்திருக்கிறேன். மியசாகி எடுத்ததோ, வளர்ந்ததில் ஒன்றைத் தொலைத்துவிட்டு அதோடு வாழப் பழகிய பெண்ணின் கதை. ஒரே ஒரு மியாவ்தான் வித்தியாசம்.

(முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். 1989 படத்துக்கு இனி என்ன ரகசியம்.)

அதுவரை டப்பிங்கா சப்டைட்டிலா என்று யாராவது கேட்டால் "எது கிடைக்குதோ அது" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்போது சப்டைட்டில் பக்கம் வந்துவிட்டேன். வந்தபிறகு பார்த்த படங்களை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கிறேன். தராசு என் கையில் இருப்பதால் ஒரு பக்கம் கொஞ்சம் அழுத்தமாகத்தான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். டப்பிங்கில் கண்ணுக்கு ஓய்வு. கைவேலை பார்த்துக்கொண்டே படமும் பார்க்கலாம். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் எழுத்து தெரியாத அளவுக்குக் கண் மங்கியவர்களுக்கும் அது ஒன்றுதான் வழி, அங்கே விவாதமே கிடையாது. சப்டைட்டிலில் நடிகரின் சொந்தக் குரல் கிடைக்கும், காது கேளாதவர்களும் படம் பார்க்கலாம்.

சப்டைட்டிலின் குறைகளை மறைக்கப் போவதில்லை. முதல் குறை இடம். ஆங்கிலத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் வைத்திருக்கும் அளவைப் பாருங்கள்: ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி, திரையில் அதிகபட்சம் 7 விநாடி. கதாபாத்திரம் மூச்சுவிடாமல் கத்தித் தீர்ப்பதை இந்தப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும், பாதி வெளியே விழத்தான் செய்யும். ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) பார்த்தபோது இது உறுத்தியது. வீட்டில் ஒரு சண்டை, நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். வேலைக்கு வந்த பெண் கர்ப்பமாக இருந்தது வீட்டுக்காரனுக்குத் தெரியுமா, யார் பேசியது யார் காதில் விழுந்தது என்பதில்தான் கதையின் முடிச்சே இருக்கிறது. கீழே இரண்டு வரி ஓடுகிறது. மேலே நான்கு வாய். எந்த வரி எந்த வாய்க்கு என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த ஆள் அழ ஆரம்பித்துவிடுகிறார்.

இரண்டாவது குறை, நகைச்சுவை. எழுத்து முதலில் வந்துவிடும், நடிகர் பின்னால் வருவார். அவர் சிரிக்க வைப்பதற்குள் நாம் சிரித்து முடித்திருப்போம்.

மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாம் படிக்கிற சப்டைட்டில் பெரும்பாலும் ஆங்கிலம். கொரியப் படத்தைத் தமிழ்க் காதோடு ஆங்கிலத்தில் படிக்கிறோம். கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். "அவனை நான்தான்..." என்று ஒருவன் இழுத்து நிறுத்தினால் அடுத்து கொன்றேன் வருமா காப்பாற்றினேன் வருமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வினை முன்னாலேயே வந்து நின்றுவிடும், இழுப்புக்கு வேலையே இல்லை. மரியாதையும் அப்படித்தான். கொரிய மொழியில் வயசுக்கும் அந்தஸ்துக்கும் ஏற்ப வாக்கியத்தின் முடிவே மாறும். ஆங்கிலத்துக்கு எல்லோரும் ஒரே 'யூ'. பத்து நிமிடம் 'நீங்க' போட்டுப் பேசியவன் பதினோராவது நிமிடம் 'நீ' என்று இறங்கினால் அது கன்னத்தில் விழுந்த அறை. தமிழ் டப்பிங்கில் அந்த அறையை அப்படியே கேட்க வைக்கலாம். ஆங்கில சப்டைட்டிலில் அடித்ததற்கான அடையாளமே இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் கவனமாக எழுதிய தமிழ் டப்பிங்குக்கு நான் தலைவணங்குவேன். ஆங்கிலத்தை இடையில் வைத்து எழுதிய டப்பிங் என்றால் அந்த லாபமும் போச்சு.

இவ்வளவும் தெரிந்தே ஏன் சப்டைட்டில்?

பழைய இலக்கியப் பதிப்புகளில் 'மூலமும் உரையும்' என்று அட்டையில் போட்டிருக்கும். மேலே பாட்டு, கீழே உரை. உரையாசிரியர் தவறலாம், தன் கருத்தைத் திணிக்கலாம், தெரியாத சொல்லைக் கண்டால் நைசாகத் தாண்டிப் போகலாம். ஆனால் பாட்டு அதே பக்கத்தில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் கண்ணை ஒரு அங்குலம் மேலே தூக்கினால் போதும், அவரோடு சண்டை போடலாம். சப்டைட்டில் அந்த மாதிரி. டப்பிங், மூலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உரையை மட்டும் அச்சடித்த புத்தகம். உரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை.

மொழி தெரியாதவனுக்கு மூலம் இருந்து என்ன பயன் என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கொரியப் படமான 'பாரசைட்' (2019) இரண்டாம் தடவை பார்த்தபோது பதில் கிடைத்தது. போலிச் சான்றிதழ் செய்கிற இடத்தில் ஆங்கில சப்டைட்டில் ஆக்ஸ்ஃபோர்டு என்கிறது. படத்தில் வரும் அப்பாவின் வாயில் வருவது சியோல். சியோல் தேசியப் பல்கலைக்கழகம் என்றால் வெளிநாட்டு ரசிகனுக்கு அதன் கனம் தெரியாது என்று மாற்றியிருக்கிறார்கள். அதேபோல நூடுல்ஸ் காட்சியில் எழுத்து 'ராம்டான்' என்கிறது, காதில் விழுவது 'ஜாப்பகுரி'. அப்படி ஒரு சொல் அதற்கு முன் ஆங்கிலத்தில் கிடையாது, மொழிபெயர்ப்பாளர் ராமென், உடோன் என்ற இரண்டு நூடுல்ஸ் பெயர்களைச் சேர்த்து உண்டாக்கியது. இரண்டுமே கெட்டிக்காரத்தனமான மாற்றங்கள், குறை சொல்லவில்லை. நான் சொல்ல வருவது, கொரிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத எனக்கே அது மாற்றம் என்று பிடிபட்டது. மூலம் பக்கத்தில் நின்றதால் பிடிபட்டது. பூனையின் மியாவைப் புரிந்துகொள்ள ஜப்பானிய மொழி வேண்டியதில்லை, பாருங்கள்.

மூலம் பக்கத்தில் இல்லாதபோது என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்குச் சினிமா வரலாற்றில் நல்ல உதாரணங்கள் உண்டு. 'காசாபிளாங்கா' (1942) மேற்கு ஜெர்மனிக்கு 1952-இல் டப்பிங்கில் போனபோது, படத்தில் நாஜிகளே இல்லை. சுமார் 25 நிமிடக் காட்சிகளை வெட்டி, தலைமறைவுப் போராளியான லாஸ்லோவை நார்வே நாட்டு அணுவிஞ்ஞானி ஆக்கிவிட்டார்கள். முழுப் படத்தையும் ஜெர்மன் மொழியில் கேட்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் வரும் நாஜிக் கும்பல் 1951 ஜெர்மன் டப்பிங்கில் போதைப்பொருள் கடத்தல்காரர்களாக மாறியது. படத்தின் பெயரையே 'வெள்ளை விஷம்' என்று ஆக்கியாயிற்று.

எல்லாவற்றையும் மிஞ்சியது ஸ்பெயின். ஃபிராங்கோ ஆட்சியில் 1941-இல் வெளிநாட்டுப் படங்களை ஸ்பானிய மொழியில் டப்பிங் செய்தே காட்ட வேண்டும் என்று உத்தரவு. 'மொகாம்போ' (1953) படத்தில் கல்யாணமான பெண் வேட்டைக்காரனைக் காதலிக்கிறாள். கள்ளக்காதலை எப்படிக் காட்டுவது? தணிக்கைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டப்பிங்கில் கணவன் மனைவியை அண்ணன் தங்கை ஆக்கிவிட்டார்கள். காதல் இப்போது கறையில்லாத காதல். ஆனால் திரையில் அந்த 'அண்ணனும் தங்கையும்' பழகுகிற விதம் கணவன் மனைவி பழகுகிற விதமாகவே இருக்கிறதே! ஒரு பாவத்தை மறைக்கப் போய் அதைவிடப் பெரிய பாவத்தைத் திரையில் காட்டிவிட்டார்கள். சப்டைட்டிலில் இந்தக் கூத்தை நடத்தியிருக்க முடியாது. அவள் வாயில் 'ஹஸ்பண்ட்' என்று கேட்டுக்கொண்டே 'அண்ணன்' என்று படிக்க எந்தக் கூட்டம் ஒத்துக்கொள்ளும்?

இன்றைக்கு டப்பிங் எழுதுகிறவர்கள் தணிக்கைக்காரர்கள் இல்லை என்பது தெரியும். அவர்களுக்கு வேறு சங்கடம், உதடு. நெருக்கமான காட்சியில் நடிகரின் உதடு ஒட்டினால் வசனத்திலும் ப, ம போல ஒட்டுகிற எழுத்து வர வேண்டும், ஒட்டாவிட்டால் வரக்கூடாது. உதடு ஒட்டாமல் நிரோட்டகம் பாடிய புலவர்கள் இன்று இருந்தால் இந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்திருப்பார்கள். ஆக டப்பிங் வசனம் மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்: அர்த்தத்துக்கு, நேரத்துக்கு, உதட்டுக்கு. சப்டைட்டிலுக்கு முதல் இரண்டு பேர் மட்டும்.

குரலைப் பற்றிச் சுருக்கமாக. எனக்கு டப்பிங்கில் உறுத்துவது குரலின் தரத்தைவிடத் தூரம்தான். பலர் மிக நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் மைக்குக்கு முன்னால் நின்று பேசிய குரல், திரையில் ஆள் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றாலும் என் காதருகே கேட்கிறது. 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' (2006) பார்த்த அன்று இதை யோசித்தேன். கிழக்கு பெர்லினில் ஒரு உளவு அதிகாரி மேல்மாடியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கீழ்வீட்டு ஆட்களின் பேச்சையும் மூச்சையும் நாள்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மனசு மாறுவதே கேட்டுக் கேட்டுத்தான். அவர் கேட்ட குரல் ஒன்று, நான் கேட்கும் குரல் வேறொன்று என்றால் நான் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறேன்?

என் கட்சிக்கு எதிரான இரண்டு சாட்சிகளையும் கூப்பிட்டுவிடுகிறேன். ஒன்று, அனிமேஷன். அங்கே முகம் வரைந்தது, குரல் எப்படியும் வேறு ஆளுடையது. அதனால் வேறு மொழியில் குரல் மாறினால் பெரிய நஷ்டமில்லை. பூனைக்கு வசனம் சேர்க்காமல் இருந்தால் சரி. இரண்டு, அந்தக் கால இத்தாலியப் படங்கள். செர்ஜியோ லியோனின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படப்பிடிப்பில் நடிகர்கள் அவரவர் மொழியில் பேச, ஒலி முழுவதையும் பின்னால் சேர்த்தார்கள். மூலக் குரல் வேண்டும் என்று அங்கே போய் நின்றால் எந்தக் குரலைக் கேட்பது? ஆவணப்படங்கள் நான் அதிகம் பார்ப்பதில்லை, பார்த்த இரண்டு மூன்றில் பின்னணிக் குரல் மாறியது உறுத்தவேயில்லை. திகில் படங்களைப் பற்றி வாய் திறக்க எனக்கு யோக்கியதை கிடையாது, பாதி நேரம் கண்ணை மூடிக்கொள்கிறவனுக்கு சப்டைட்டில் எதற்கு.

சப்டைட்டில் போட்டுக்கொண்டு படம் பார்க்கிறவர்களுக்கு ஒரு உபயோகமான விஷயம். ஓடிடி பட்டியலில் வேற்றுமொழிப் படத்துக்கு 'இங்கிலீஷ்' என்று ஒன்றும் 'இங்கிலீஷ் சிசி' என்று ஒன்றும் இருந்தால், இரண்டாவது பெரும்பாலும் ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எழுத்தில் போட்டது. காது கேளாதவர்களுக்காக, கதவு சத்தம் மழை சத்தமெல்லாம் அதில் எழுதியிருக்கும். மூலக் குரலோடு அதைப் போட்டுக்கொண்டால் காதுக்கும் கண்ணுக்கும் ஓயாத சண்டை. 'ஸ்க்விட் கேம்' (2021) வந்தபோது மொழிபெயர்ப்பு சரியில்லை என்று கொரிய மொழி தெரிந்தவர்கள் எழுப்பிய புகார்களில் இந்தக் குழப்பமும் கலந்திருந்தது. முதல் வகையை எடுங்கள். தமிழ் சப்டைட்டில் இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். வினைச்சொல் வர வேண்டிய இடத்தில் வரும், நீயும் நீங்களும் திரும்பக் கிடைக்கும், மூலமும் காதில் இருக்கும்.

டிவிடி கொடுத்த நண்பனுக்குப் போன வாரம் போன் போட்டு, "டேய், அந்தப் பூனை பேசவே இல்லடா" என்றேன்.

"பேசுச்சே, நான் கேட்டேனே" என்றான்.

விஷயத்தை விளக்கி, ஜப்பானியப் பிரதியை அனுப்பட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, வேண்டாம் என்றான். அவன் மகளும் அந்த டிவிடியில்தான் பார்த்திருக்கிறாளாம்.